வனஉயிரியல் படித்தவருக்கு உள்ளாட்சியில் இடம் உண்டா?

கேள்வி: வனஉயிரியலில் முதுகலை முடித்திருக்கிறேன். ஊர் மேலூர் பக்கம். வனத்துறைத் தேர்வை மட்டுமே நம்பியிராமல், உள்ளாட்சியின் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடலில் வேலை செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் ஊராட்சியில் உங்கள் படிப்புக்கென்று தனிப் பணியிடம் கிடையாது. பெரும்பாலும் ஆலோசகராகத்தான் உள்ளே போக முடியும்.

உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002-இன்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, ஊரின் உயிரினங்களைப் பதிவு செய்யும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். அங்கிருந்து தொடங்குங்கள். அது வெறும் காகித வேலை என்று யாராவது சொன்னால், உங்கள் ஊருக்குப் பக்கத்து அரிட்டாபட்டியைக் காட்டுங்கள். 2022இல் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. 2024 இறுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது மக்கள் திரண்டு போராடினார்கள். பல்லுயிர்த் தல அறிவிப்பும் கைகொடுத்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

அப்புறம், நீங்கள் கட்டாயம் கற்க வேண்டியது வருவாய்த்துறை ஆவணங்கள். வெறும் பறவைப் பட்டியலோடு போனால் அதிகாரி முதலில் கேட்பது சர்வே எண்ணைத்தான். வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்றிருக்கும் பொட்டலில்தான் ஆள்காட்டிப் பறவை வெறுந்தரையில் முட்டையிடும். அதை அ-பதிவேட்டோடும் (சர்வே எண்வாரியான நிலப் பதிவேடு) புலப்படத்தோடும் (நிலத்தின் அளவு வரைபடம்) பொருத்தி, வரைபடத்தில் குறித்துக் கொடுத்தால்தான் அது கோப்பில் ஏறும். கண்மாய்க்கும் இதே கதைதான். கரைக்குள் கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கும். வெளியே கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மறித்து மனை போட்டுவிட்டால் தண்ணீர் வராது, பறவையும் தங்காது. ஆகவே கண்மாயோடு வரத்துக்காலையும் சேர்த்தே குறியுங்கள். வரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் (QGIS) இலவச மென்பொருள்தான். இதற்கு அது போதும்.

எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளானின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபணை, கருத்து கேட்பார்கள். அந்த வரைபடத்தை அங்கே எழுத்தில் கொடுங்கள். உங்கள் படிப்பு நேரடியாக உதவும் இடம் அது என்பது என் உறுதியான எண்ணம்.

வருமானத்துக்கு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. இத்தகைய நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தரும் நாபெட் (NABET) அமைப்பின் அங்கீகாரம் பெற்றவற்றில் சூழலியல் நிபுணருக்கு இடமுண்டு. சேருமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: களத்தில் பார்த்ததை அப்படியே எழுத விடுவார்களா? மாட்டார்கள் என்றால் சேர வேண்டாம்.

இந்த வாரமே உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் பல்லுயிர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விடுபட்டதைக் குறித்து, அடுத்த கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள்.