தாத்தாவுக்கு காமராஜர், அப்பாவுக்கு வைகோ, எனக்கு தென்காசி: இதுல எங்க தொகுதி எது?

கேள்வி: எங்க ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு எங்க எம்.பி. தொகுதியோட தேர்தல் வரலாறு எழுதணும். காமராஜர்தான் நம்ம எம்.பி.யா இருந்தாருன்னு தாத்தா சொல்றாரு, இல்ல வைகோன்னு அப்பா சொல்றாரு, வோட்டர் லிஸ்ட்ல பாத்தா தென்காசின்னு இருக்கு. 1952-ல இருந்து பூத் வாரியா எக்செல்ல தர்றேன், 5,000 ரூபா ஆகும்னு ஒருத்தர் சொல்றாரு. வாங்கலாமா?

பதில்: தம்பி, மொதல்ல அந்த 5,000-த்த எடுத்து உள்ள வைங்க. 1952-ல இருந்து பூத் வாரியா தர்றேன்னு ஒருத்தன் சொன்னா அவன் டேட்டா விக்கல, கதை விக்கிறான். ஓட்டுச் சீட்டு காலத்துல, அதுவும் 1971-க்கு அப்புறம் பல தேர்தல்ல, எந்த ஊர் யாருக்குப் போட்டுச்சுன்னு தெரியக் கூடாதுன்னே எல்லா பூத் சீட்டையும் ஒண்ணா கலந்துட்டுதான் எண்ணினாங்க. கலந்ததுக்கப்புறம் பூத் கணக்கு எங்கருந்து வரும்? நாடு முழுக்க எல்லா தொகுதியிலயும் மிஷின்ல ஓட்டு போட்டது 2004 மக்களவைத் தேர்தல்லதான். 1980-ல ஒரு தெருவோட ஓட்டு எவ்வளவுன்னு எவனாவது தசமப் புள்ளி போட்டு சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க.

இப்ப உங்க குழப்பத்துக்கு வருவோம். மூணு பேர் சொல்றதும் சரிதான். 1952-ல ஸ்ரீவில்லிபுத்தூர்ங்கற பேர்லயே ஒரு மக்களவைத் தொகுதி இருந்துச்சு, அதுல ஜெயிச்சவர் காமராஜர், 1954-ல முதலமைச்சர் ஆனதும் குடியாத்தம் இடைத்தேர்தல் வழியா சட்டசபைக்குப் போயிட்டாரு. அப்பா காலத்துல உங்க ஊர் சிவகாசி எம்.பி. தொகுதிக்குள்ள இருந்துச்சு, 1998-லயும் 1999-லயும் வைகோ அங்க ஜெயிச்சாரு. 2008 தொகுதி மறுசீரமைப்புல சிவகாசி மக்களவைத் தொகுதிங்கற பேரையே எடுத்துட்டு விருதுநகர்னு புதுசா ஒண்ணு போட்டாங்க, திருப்பரங்குன்றத்தையும் திருமங்கலத்தையும் மதுரை மாவட்டத்துல இருந்து இழுத்து அதுல சேத்தாங்க, உங்க ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் வெட்டி தென்காசியோட ஒட்டிட்டாங்க. மாவட்டம் ஒண்ணு, எம்.பி. வேற. யார்கிட்ட கேட்டு பண்ணாங்கன்னு கேக்காதீங்க, ஆட்சேபம் கேக்குறோம்னு கூட்டம் போட்டாங்கதான், அது எத்தனை பேர் காதுக்கு வந்துச்சுங்கறது வேற விஷயம்.

எக்செல் வியாபாரிங்க எல்லாரும் விழுற குழி இங்கதான் இருக்கு. உங்க தொகுதி தென்காசியான்னு கேட்டுட்டு, தென்காசி பட்டியலை அப்படியே காப்பி பண்ணி குடுத்துடுவாங்க. அதுல 1977-ல இருந்து 1996 வரைக்கும் ஆறு தடவ எம். அருணாசலம் பேர் வரும், அஞ்சு தடவ காங்கிரஸ், கடைசி தடவ த.மா.கா. அவர் ஜெயிச்சது உண்மை, ஆனா உங்க ஊர் அவருக்கு ஒரு ஓட்டு கூட போட்டதில்ல, ஏன்னா அப்ப நீங்க சிவகாசில இருந்தீங்க. உங்க ஊர் தென்காசி எம்.பி.க்கு ஓட்டு போட ஆரம்பிச்சதே 2009-லதான், அந்த வருஷம் பி. லிங்கம், 2014-ல வசந்தி முருகேசன், 2019-ல தனுஷ் குமார், 2024-ல ராணி ஸ்ரீகுமார். அதனால எம்.பி. தொகுதியோட பேரைப் புடிச்சுக்கிட்டு போகாதீங்க, உங்க சட்டசபைத் தொகுதியைப் புடிங்க, அது ஒவ்வொரு காலத்துலயும் எந்த எம்.பி. தொகுதிக்குள்ள இருந்துச்சுன்னு பாத்துக்கிட்டே போங்க. அந்த சட்டசபைத் தொகுதியும் மாறியிருக்கு, முன்னாடி ராஜபாளையம் தனி, ஸ்ரீவில்லிபுத்தூர் பொது, இப்ப தலைகீழ்.

ஒரு விஷயத்துல மட்டும் ரொம்ப கவனமா இருங்க, 1957. அப்ப ஸ்ரீவில்லிபுத்தூர் ரெட்டை உறுப்பினர் தொகுதி. முத்துராமலிங்கத் தேவரும் ஆர்.எஸ். ஆறுமுகமும் ரெண்டு பேருமே எம்.பி. இத பாத்துட்டு ஒருத்தர் ராஜினாமா பண்ணி இன்னொருத்தர் வந்தாருன்னு எழுதிடாதீங்க, நிறைய பேர் எழுதுறாங்க. ஒரு இடம் பொது, ஒரு இடம் பட்டியல் சாதியினருக்கு. ஒவ்வொரு வாக்காளருக்கும் ரெண்டு ஓட்டு, ஆனா ரெண்டையும் ஒரே ஆளுக்கு போட முடியாது. அதனால மொத்த ஓட்ட வாக்காளர் எண்ணிக்கையால வகுத்தா சதவீதம் தப்பா வரும், 100-ஐ தாண்டினாலும் ஆச்சரியமில்ல. உதாரணத்துக்கு 4 லட்சம் பேர் வந்து ரெண்டு ஓட்டும் போட்டா கணக்குல 8 லட்சம் ஓட்டு நிக்கும், வந்தது 4 லட்சம் பேர்தான். இன்னொண்ணு, தனி இடத்துக்கு நின்னவர்கள்ல அதிக ஓட்டு வாங்கினவர் அந்த இடத்தை எடுத்ததும், மிச்ச இடம் மீதி எல்லாரலயும் யாருக்கு அதிகமோ அவருக்கு, அவரும் ஒதுக்கீட்டு பிரிவா இருந்தாலும் சரி. 1957-ல ஆந்திராவுல பார்வதிபுரத்துல வி.வி. கிரி இப்படித்தான் தோத்தாரு, ரெண்டு இடத்தையும் பழங்குடி வேட்பாளர்களே எடுத்துட்டாங்க, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயும் நிக்கல. 1961-ல இந்த முறையையே தூக்கிட்டாங்க.

அப்புறம் 1967-ல காமராஜர் விருதுநகர்ல 1,285 ஓட்டுல தோத்தது சட்டசபைத் தேர்தல். அத எம்.பி. கணக்குல சேக்காதீங்க, விருதுநகர்னு மக்களவைத் தொகுதியே அப்ப கிடையாது.

டேட்டா எல்லாம் ஓசிதான். தேர்தல் ஆணையத்தோட சைட்ல ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் புள்ளிவிவர ரிப்போர்ட் இருக்கு, 1951-52-ல இருந்து. சமீப தேர்தலோட பூத் கணக்கு வேணும்னா தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி சைட்ல ஃபார்ம் 20-ன்னு தேடுங்க. எல்லை எப்ப எப்படி மாறுச்சுன்னு பாக்க 1976, 2008 மறுசீரமைப்பு ஆணைகள், அதுக்கு முன்னாடி 1962-ல இருந்து 1971 வரைக்கும் உள்ளதுக்கு அந்தந்த கால ஆணை. தேடுறதுக்குள்ள உசுரு போயிடும், அத மறைக்க விரும்பல. சைட் அமைப்பை மாத்துவான், பழைய லிங்க் செத்துடும், பாதி ஃபைல் போட்டோ மாதிரி ஸ்கேன் பண்ணினது, பேரை டைப் பண்ணி தேடவே முடியாது. மக்கள் வரிப்பணத்துல எடுத்த கணக்கை மக்களே படிக்க முடியாம வைக்கிறதுலதான் இந்த 5,000 ரூபா ஆளுங்க பொழைக்கிறாங்க. கிடைக்கலன்னா ஆர்.டி.ஐ. போடுங்க, 10 ரூபா கட்டணம், நீங்களே வெள்ளைத்தாள்ல எழுதலாம், அதுக்கும் புரோக்கர் வேண்டாம். ஆனா ஆய்வு பண்ணி குடுங்கன்னு கேக்காதீங்க, அவங்ககிட்ட இருக்குற ஆவணத்தோட நகல்னு கேளுங்க, இல்லன்னா அத சாக்கா வச்சே திருப்பி அனுப்பிடுவாங்க.

ப்ராஜெக்ட்ல ஒரு வருஷத்தை மட்டும் விரிவா எழுதணும்னா 1980-ஐ எடுங்க. காங்கிரஸ் - தி.மு.க. கூட்டணி 39-ல 37 அள்ளிட்டு போன தேர்தல், அ.தி.மு.க.வுக்கு மிஞ்சினது கோபிசெட்டிபாளையமும் உங்க சிவகாசியும் மட்டும்தான். அந்த ஆளுக்கு ஏற்கனவே அட்வான்ஸ் குடுத்துட்டீங்கன்னா, 1984 பூத் கணக்கை எந்த ஆவணத்துல எந்த பக்கத்துல இருந்து எடுத்தீங்கன்னு வாட்ஸ்அப்ல எழுத்துல கேளுங்க, காட்ட முடியலன்னா காசைத் திருப்பி கேளுங்க.