குடில் வரிசையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: மகள் வீட்டுக்கு அமெரிக்கா வந்திருக்கிறேன். அடுத்த வாரம் சவுத் கரோலைனாவில் உள்ள சார்ல்ஸ்டன் போகிறோம். பூன் ஹால் என்ற பழைய பிளான்டேஷனில் (பெரும் பண்ணையில்) ஓக் மரச்சாலையும் மாளிகையும் பார்க்க மகளுக்கு ஆசை. மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்த இடத்துக்கு உல்லாசப் பயணமா என்று மாப்பிள்ளை தயங்குகிறார். பத்து வயதுப் பேரனும் வருகிறான். போகலாமா? குல்லா மக்கள் என்கிறார்களே, அவர்கள் யார்?
- திருவாரூர் வாசகி

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாகப் போங்கள். மாப்பிள்ளையின் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அங்கே உழைத்து மாய்ந்தவர்களின் கதையைக் கேட்க ஆள் வேண்டும். எதை முதலில் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பூன் ஹாலில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்த மாளிகை 1936-இல் கட்டியது. உண்மையில் பழையவை, சாலையோரம் வரிசையாக நிற்கும் ஒன்பது செங்கல் குடில்கள். அடிமைப்பட்டவர்கள் அறுத்துச் சுட்ட செங்கல், அவர்களே குடியிருந்த வீடுகள். அங்கிருந்து தொடங்குங்கள். குல்லா மக்களே வந்து பேசிப் பாடும் நிகழ்ச்சியும் அங்கே உண்டு. அதைத் தவற விடாதீர்கள். ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால், ஜேம்ஸ் தீவில் உள்ள மெக்லியோட் என்ற பழைய பண்ணையைச் சொல்வேன். 2015-இல் பொதுமக்களுக்குத் திறந்த இந்த இடத்தில் வழிகாட்டிகள் முதலாளி வீட்டுப் பெருமையைவிட உழைத்தவர்களின் வாழ்க்கையையே பேசுகிறார்கள். அங்குள்ள குடில்களில் 1990 வரைகூட ஆட்கள் குடியிருந்தார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கடற்கரைகளிலிருந்தும் அங்கோலா பக்கமிருந்தும் பிடித்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே குல்லா கீச்சி மக்கள். கரோலைனாவின் செல்வம் நெல்லில் விளைந்தது. அந்த நெல்லை அறிந்தவர்கள் இவர்கள். கடல் ஏற்றத்தில் எதிர்த்து ஏறும் ஆற்று நீரை மதகு வைத்து வயலுக்குள் விட்டு, வற்றும்போது வடிப்பார்கள். அந்த மதகுக்கு அங்கே 'ட்ரங்க்' என்று பெயர். வரப்பு, மதகு, உரல், உலக்கை, புடைக்கும் தட்டு எல்லாம் நீங்கள் பிறந்து வளர்ந்த ஊரில் பார்த்தவைதானே? பேரனுக்கு உங்களைவிட நன்றாக இதை யார் விளக்குவார்கள்? ஆனால் அங்கே இடுப்பளவு சேற்றில் நின்றவர்களுக்குக் கூலியும் இல்லை, பெற்ற பிள்ளை நாளை தம்மிடம் இருக்கும் என்ற நிச்சயமும் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கோடையில் மலேரியாவுக்குப் பயந்து முதலாளிகள் நகரத்துக்குப் போய்விடுவார்கள். இந்தக் கரையோரத்துக் கடல்சூழ் தீவுகளில் வெள்ளையர் குறைவு, பாலங்களும் வெகு காலம் இல்லை. அதனால்தான் இவர்களின் பேச்சும் பாட்டும் சமையலும் பிழைத்தன. ஆங்கிலமும் பல ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த அந்த மொழியைக் கொச்சை ஆங்கிலம் என்று நெடுங்காலம் இழிவாகப் பேசினார்கள். லொரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர்தான் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்து, அதிலுள்ள ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கச் சொற்களை 1949-இல் நூலாக வெளியிட்டார். 1930-களில் ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக்கில் அமீலியா டாலி என்ற பெண் அவருக்குச் சில வரிகள் பாடிக் காட்டினார். பொருள் அமீலியாவுக்கே தெரியாது. தாய்வழியாக வந்த பாட்டு. அது மேற்கு ஆப்பிரிக்காவின் மெண்டே மொழி. சியரா லியோனில் ஒரு கிராமத்துப் பெண் அதே பாட்டை இறந்தவர்களுக்காகப் பாடும் பாட்டாக நினைவில் வைத்திருந்தார். 1997-இல் அமீலியாவின் மகள் மேரி மோரன் அந்த ஊருக்கே போய் அவரைச் சந்தித்தார். இதை எழுதும்போதே எனக்குக் கண் கலங்குகிறது.

"ஏன் பாட்டி அவர்கள் ஓடிப் போகவில்லை?" என்று பேரன் கேட்கக்கூடும். ராபர்ட் ஸ்மால்ஸின் கதையைச் சொல்லுங்கள். சவுத் கரோலைனாவின் பியூஃபர்ட் ஊரில் அடிமையாகப் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 மே 13 விடியலுக்கு முன், சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் தாம் வேலை செய்த 'பிளான்டர்' என்ற கப்பலை, கேப்டனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, மனைவி மக்களோடு தெற்குப் படையின் பீரங்கிக் கோட்டைகளைத் தாண்டி ஓட்டிச் சென்று, வடக்கின் கடற்படையிடம் சேர்ந்து விடுதலை பெற்றார். பிறகு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். அந்தத் துறைமுகத்தைப் பேரனுக்கு நேரில் காட்டலாம்.

மவுண்ட் பிளசண்டில் 17-ஆம் எண் நெடுஞ்சாலையோரம் குல்லா பெண்கள் ஸ்வீட்கிராஸ் புல்லில் கூடை பின்னி விற்பார்கள். நெல் புடைக்கப் பின்னிய தட்டிலிருந்து வந்த கைவேலை அது. விலை அதிகமாகத் தெரியும். ஒரு கூடைக்குப் பல நாள் உழைப்பு. புல் விளைந்த கரைகளும் ஓய்வு விடுதிகளாகிக் குறைந்துவிட்டன. தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். கரண்டிக் காம்பைத் தேய்த்துச் செய்த ஊசி போன்ற கருவியால்தான் பின்னுவார்கள். கேட்டால் பேரனுக்குக் காட்டுவார்கள். சின்னக் கூடை ஒன்றாவது வாங்கி வாருங்கள்.