லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் மட்டும் லிங்கேஜ் எர்ரர்

உங்கள் ஜாவா அப்ளிகேஷன் லேப்டாப்பில் ஓடி, ஆபீஸ் சர்வரில் மட்டும் லிங்கேஜ் எர்ரர் (கிளாஸ்களை இணைக்கும்போது வரும் பிழை) தருகிறதா? டாம்கேட்டின் (ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வர் மென்பொருள்) லிப் ஃபோல்டரில் இருக்கும் எஸ்எல்எஃப்4ஜே, லாக்பேக் ஜார்களை (லாக் எழுதும் லைப்ரரி கோப்புகள்) எடுத்துவிடுங்கள். உங்கள் வார் கோப்புக்குள் (அப்ளிகேஷனை முழுவதுமாகக் கட்டிய கோப்பு) இருப்பது மட்டும் போதும். அவற்றைப் பயன்படுத்தும் பொது ஜார் (எல்லா அப்ளிகேஷன்களும் பகிர்வது) ஏதாவது அதே ஃபோல்டரில் இருந்தால் அதையும் வாருக்குள் கொண்டுவர வேண்டும்.

லேப்டாப்பில் சரியாக ஓடுவது ஆபீஸ் சர்வரில் மட்டும் 'லோடர் கன்ஸ்ட்ரெயின்ட் வயலேஷன்' என்று நிற்கிறது என்றால் பெரும்பாலும் காரணம், ஒரே லைப்ரரி வாரிலும் லிப் ஃபோல்டரிலும் இருப்பதுதான். டாம்கேட்டில் அப்ளிகேஷனின் கிளாஸ்லோடர் (கிளாஸ்களைத் தேடி ஏற்றும் பகுதி) முதலில் வாருக்குள் தேடும், அப்புறம்தான் மேலே, அதாவது லிப் ஃபோல்டருக்குப் போகும். பொது ஜாரோ மேலே இருக்கும் லாகரைத்தான் (லாக் எழுதும் கிளாஸ்) எடுக்கும். பெயர் ஒன்றே ஆனாலும், இரண்டு லோடர்கள் ஏற்றிய கிளாஸை ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) இரண்டு வேறு கிளாஸாகவே பார்க்கும்.

உறுதி செய்ய, ஜேவிஎம்முக்கு வெர்போஸ் கிளாஸ் ஆப்ஷன் கொடுத்து டாம்கேட்டைத் தொடங்குங்கள். எந்தக் கிளாஸ் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று வரிவரியாக வரும். அதில் லாகர் இரண்டு பாதைகளில் தெரிகிறதா என்று பாருங்கள். பெங்களூரில் நான் முன்பு இருந்த குழுவில் இரண்டு நாள் மேவன் ஃபைலையே (எந்த ஜார்கள் வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) துருவிக்கொண்டிருந்தோம். சர்வரின் லிப் ஃபோல்டரைத் திறந்த பிறகுதான் பிடிபட்டது.

ஒரு எச்சரிக்கை: அதே டாம்கேட்டில் வேறு அப்ளிகேஷன் ஓடினால், அது அந்த ஜார்களை நம்பியிருக்கலாம். அந்தக் குழுவிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள். மாற்றிய பின் அப்ளிகேஷனை மட்டும் மறுபடி ஏற்றும் ரீடிப்ளாய் போதாது, டாம்கேட்டையே நிறுத்தித் தொடங்க வேண்டும்.