பழைய இரும்பில் கொக்கு செய்யும் மகளை என்ன படிக்க வைப்பது?

வணக்கம் ஐயா. உங்கள் கேள்வியைப் படித்தேன், மகள் செய்த கொக்கின் படங்களையும் பார்த்தேன். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறீர்கள், பிளஸ் டூ முடிக்கப் போகிற பெண்ணை பி.காம். சேரச் சொன்னால், அவள் பட்டறையில் கழித்துப் போட்ட செயினையும் ஸ்பிரிங் பட்டையையும் பற்றவைத்துக்கொண்டு சிற்பம்தான் படிப்பேன் என்கிறாள், "இதுல சோறு கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். முதல் சில வருடங்களுக்குச் சிலையை மட்டும் நம்பினால் கிடைக்காது, ஆனால் இரும்பு வேலையை முறையாகக் கற்றவளுக்குச் சோற்றுக்குப் பஞ்சம் வராது. அதனால் "கலையா, வேலையா" என்று வீட்டில் தினமும் சண்டை போடுவதை விட்டுவிட்டு, அவளை இரண்டையும் ஒழுங்காகக் கற்கவைப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அந்தக் கொக்கு. கழுத்து பைக் செயின். செயின் தொங்குகிற சாமான், நிற்காது. அவள் ஒவ்வொரு கண்ணியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, டேக் (சின்னப் புள்ளியாகப் பற்றவைப்பது) வைத்து நிறுத்தியிருக்கிறாள், மீனைக் குத்தப் போகிற பறவையின் வளைவு அப்படியே வந்திருக்கிறது. இந்தக் கண் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, அதை நீங்கள் மதிக்க வேண்டும். ஆனால் பற்றவைத்த இடமெல்லாம் பொத்தல் பொத்தலாக இருக்கிறது, செயினில் இருந்த எண்ணெய்ப் பசையைச் சுத்தமாக எடுக்காமல் வெல்டு அடித்தால் அப்படித்தான் ஆகும். இறக்கை லாரியின் ஸ்பிரிங் பட்டை. அது கார்பன் அதிகமுள்ள இரும்பு, முன்கூட்டிச் சூடேற்றாமல் பற்றவைத்தால் இன்று ஒட்டியது போலத் தெரியும், பிறகு வெல்டுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். பொது இடத்தில் வைக்கிற சிலை என்றால் அந்த விரிசலில் உடைந்து யார் தலையிலாவது விழும். கண் இருக்கிறது, தொழில் இன்னும் வரவில்லை என்பதுதான் என் கணிப்பு.

அந்தத் தொழிலைக் கற்க ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு இருக்கிறது, ஒரு வருடப் படிப்பு, எட்டாம் வகுப்பு தேறியிருந்தாலே சேரலாம். பிளஸ் டூ முடித்தவளை ஐ.டி.ஐ.க்கு அனுப்புவதா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். பிக்காசோவுக்கு இரும்பைப் பற்றவைத்துச் சிற்பம் செய்வதில் துணையாக நின்ற ஹூலியோ கொன்சாலெஸ், கேஸ் வெல்டிங் கற்றுக்கொண்டது எந்தக் கலைக் கல்லூரியிலும் இல்லை, 1918இல் பாரிஸுக்குப் பக்கத்தில் இருந்த ரெனோ தொழிற்சாலையில்தான். அப்புறம் 1942இல் பிக்காசோ ஒரு பழைய சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் மட்டும் சேர்த்துக் காளைத் தலை செய்தார். உங்கள் மகளிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள், இரண்டே சாமான்கள்தான்.

பட்டப்படிப்பு வேண்டும் என்றால் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் சிற்பப் பிரிவு இருக்கிறது, நான்கு வருட பி.எஃப்.ஏ. சென்னைக் கல்லூரி 1850இல் தொடங்கியது. மாமல்லபுரம் கல்லூரி மரபுச் சிற்பத்துக்கானது, அருமையான இடம், ஆனால் இவள் போகிற திசை வேறு. இங்கே பெற்றோர் பலர் கோட்டை விடுகிற ஒரு விஷயம் உண்டு: நுழைவுத் தேர்வில் யாரும் வெல்டிங் செய்யச் சொல்ல மாட்டார்கள், பென்சிலால் வரைகிற கையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் ஒரு ஓவியம்கூட இல்லை, எனக்கு அதுதான் கவலை. இன்றிலிருந்து தினமும் அவள் வரையட்டும், பட்டறையில் வேலை செய்கிறவர்களின் கைகளை, குனிந்து நிற்கிற முதுகை, பேரிங்கை, கிரைண்டரை. களிமண்ணிலும் உருவம் பிடித்துப் பழகட்டும்.

பெண் பிள்ளை நெருப்போடு விளையாடுவதா என்ற உங்கள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை, ஆனால் ஆணுக்கும் அதே நெருப்புதான். துப்பட்டாவும் விரித்த தலைமுடியும் கிரைண்டருக்குப் பக்கத்தில் வரவே கூடாது, நைலான் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் முழுக்கைப் பருத்திச் சட்டை போடட்டும். ஜி.ஐ. பைப், ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்பு) இவற்றைப் பற்றவைத்தால் துத்தநாகப் புகை வரும், ராத்திரி குளிர்காய்ச்சலில் போட்டுவிடும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்வதை நம்ப வேண்டாம், பால் நுரையீரலுக்குப் போவதில்லை. பழைய ஷாக் அப்சார்பர், மூடிய டிரம், பெட்ரோல் டேங்க் எதையும் அறுக்கவோ பற்றவைக்கவோ கூடாது, வெடிக்கும். பட்டறைக்காரர் உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லைதான், ஆனால் காயலான் கடையில் அவள் தனியாகச் சாமான் பொறுக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

வருமானம் பற்றி. டெல்லியில் 2019இல் மாநகராட்சி திறந்த பூங்காவில் தாஜ்மகால், ஈஃபில் கோபுரம் எல்லாம் சுமார் 150 டன் பழைய இரும்பில் நிற்கின்றன. ஆந்திராவின் தெனாலியில் ஒரு சிற்பக் குடும்பம் நட்டு போல்ட்டிலேயே ஆளுயரத்தைத் தாண்டிய சிலைகள் செய்து வெளியூருக்கு அனுப்புகிறது. வேலை இருக்கிறது, ஆனால் மாதச் சம்பளம் போல வராது, அரசு ஆர்டர் என்றால் பணம் வரத் தாமதமும் ஆகும். இடையில் கேட், கிரில், கடை அலங்காரம், சினிமா செட் வேலைகள்தான் கைகொடுக்கும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியவர்களே கைவினைப் பொருள் செய்து விற்றுத்தான் ஓவியமும் சிற்பமும் செய்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னை ஈ.சி.ஆர். போய் அங்கே இருக்கிற அருங்காட்சியகத்தை அவளோடு பார்த்துவிட்டு வாருங்கள், நந்தகோபால், ஜானகிராம் போன்ற சிற்பிகள் செம்பையும் தகட்டையும் எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்று நீங்களும் பார்க்கலாம். தகடு பார்த்துப் பழகிய கண் உங்களுடையது, அவளைவிட உங்களுக்கு அதிகம் புரியும்.

விலை சொல்லவும் இப்போதே பழக்குங்கள். ஆரம்பத்தில் பலரும் இரும்பு கிலோ இவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சிலையை விற்று ஏமாறுகிறார்கள். வெல்டிங் ராடு, கிரைண்டிங் டிஸ்க், கரண்ட், வண்டி வாடகை, அடித்தகடு, துரு பிடிக்காமல் இருக்க அடிக்கிற லேக்கர், அவளுடைய நாட்கூலி, இதெல்லாம் சேர்ந்த பிறகுதான் விலை. சொந்தக்காரர் கேட்டாலும் பாதிப் பணம் முன்னால் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கட்டும், அந்தக் கணக்கு நோட்டை நீங்கள் மாதம் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்.