சேல்ஸ் வேலையில் சேர முன்பணம் எதற்கு?

கேள்வி: பி.காம். முடித்து ஒரு வருடமாக வேலை தேடுகிறேன். ஊர் திண்டுக்கல் பக்கம். ஒரு கன்சல்டன்சி மூலம் பெரிய பிஸ்கட் கம்பெனியில் சேல்ஸ் வேலை வந்திருக்கிறது. மாதம் 18,000, இன்சென்டிவ் தனி, சொந்த பைக் வேண்டும் என்கிறார்கள். முன்பணமாக 6,500 ரூபாயும் ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் கேட்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றிலும் கூப்பிடுகிறார்கள். எனக்குக் கூச்ச சுபாவம். 'டார்கெட் வேலை வேண்டாம்' என்கிறார் அப்பா. சேரலாமா?

பதில்: 6,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் மார்க்‌ஷீட்டையும் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பிஸ்கட், சோப்பு, டீத்தூள் விற்கிற பெரிய கம்பெனிகள் லைனுக்குப் போகிற பையனிடம் பணம் வாங்கிக்கொண்டு வேலை கொடுப்பதில்லை. வெயிலில் கடை கடையாக ஏறி இறங்க ஆள் கிடைக்காமல் அவர்களே தவிக்கிறார்கள். ஆள் பிடித்துக் கொடுத்தால் கன்சல்டன்சிக்கு உரிய பணத்தைக் கம்பெனியே கொடுத்துவிடும். உங்களிடமும் கேட்கிறார் என்றால் இரண்டு பக்கமும் வாங்குகிறார், அல்லது அந்தப் பக்கம் கம்பெனியே இல்லை. யூனிஃபார்ம் டெபாசிட், டிரெய்னிங் கிட், வெரிஃபிகேஷன் சார்ஜ் என்று பெயர் மாறும். 'மூன்று மாதம் கழித்துத் திருப்பித் தருவோம்' என்பார்கள். மூன்று மாதம் கழித்து அந்த ஆபீஸில் வேறு போர்டு தொங்கும்.

மார்க்‌ஷீட்டைக் காட்டலாம். கையெழுத்துப் போட்ட ஜெராக்ஸ் கொடுக்கலாம். ஒரிஜினலை விட்டுவிட்டு வந்தால், வேலை பிடிக்காமல் நிற்க நினைக்கும்போது அதை வைத்தே உங்களை மடக்குவார்கள். இதைப் புகாராகக் கொண்டுபோனால் தொழிலாளர் அலுவலகம் போலீஸுக்குப் போ என்கிறது. போலீஸ், இது கொடுக்கல் வாங்கல், கோர்ட்டுக்குப் போ என்கிறது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பட்டப்பகலில் போஸ்டர் ஒட்டி நடக்கிற வியாபாரம் இது. அதிகாரிகள் கண்ணில் மட்டும் படுவதே இல்லை!

பணம் கட்டுவது நியாயமாக இருக்கிற இடம் ஒன்று உண்டு. இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆக ஐசி-38 என்ற தேர்வு எழுத வேண்டும். அதற்குச் சில நூறு ரூபாய் கட்டணம். அதையும் தேர்வுக்கென்று, உங்கள் பெயரில் ரசீதோடு கட்ட வேண்டும். நடுவில் நிற்கிற ஆளின் ஜிபே நம்பருக்கு அனுப்பக் கூடாது. தேர்வு எழுதச் சொன்னாலே இன்னொன்றும் விளங்கிக்கொள்ளுங்கள்: உங்களை ஏஜென்ட்டாகத்தான் எடுக்கிறார்கள். ஏஜென்ட்டுக்குச் சம்பளம் கிடையாது. பாலிசி போட்டால் கமிஷன், போடாவிட்டால் ஒன்றும் இல்லை. விளம்பரத்தில் 'சேல்ஸ் ஆபீசர்' என்று இருக்கும். நேரில் போனால் முதல் கேள்வியே 'சொந்தக்காரங்க எத்தனை பேர் இருக்காங்க?' என்பதுதான். மாமா, சித்தப்பா, பக்கத்து வீடு என்று நாலைந்து பாலிசி முடிந்ததும் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஏஜென்ட் தொழில் கௌரவமான தொழில், அதில் வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் மாதமே வீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டிய பையனுக்கு அது சரிவராது.

இனி அந்த 18,000. 'கையில் எவ்வளவு வரும்?' என்று கேளுங்கள். பல இடங்களில் கம்பெனி கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கையும் சேர்த்துத்தான் 18,000 என்று சொல்வார்கள். உதாரணத்துக்கு, மொத்தச் சம்பளம் 16,000, அதில் பேசிக் 12,000 என்று வையுங்கள். உங்கள் பி.எஃப். 12 சதவீதம், 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 120. கைக்கு வருவது 14,440. ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டினால், லிட்டருக்கு 45 கொடுக்கிற வண்டிக்குச் சுமார் 39 லிட்டர் பெட்ரோல், ஏறத்தாழ 3,900 ரூபாய். பெட்ரோல் காசு தனியாகத் தரவில்லை என்றால் மிச்சம் பத்தாயிரத்துச் சொச்சம். இன்சென்டிவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பணி நியமனக் கடிதம் எந்தக் கம்பெனி பெயரில் வருகிறது என்று பாருங்கள். பிஸ்கட் கம்பெனி பெயர் இல்லாமல் வேறொரு பெயர் இருந்தால் அது ஆஃப்-ரோல், அதாவது வேலை பிஸ்கட் கம்பெனிக்கு, ஆள் வேறொரு கம்பெனியின் கணக்கில். பயப்பட வேண்டாம், முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நுழைகிறார்கள். 'ஆறு மாதத்தில் ஆன்-ரோல்', அதாவது பிஸ்கட் கம்பெனியின் சொந்த ஆளாக எடுத்துக்கொள்வோம் என்பதை மட்டும் நம்பாதீர்கள். பி.எஃப். கட்டுகிறார்களா என்று மத்திய அரசின் உமாங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து நீங்களே பார்க்கலாம். கடிதமே இல்லை, வாய்ப்பேச்சுதான் என்றால் சேராதீர்கள்.

சேர்ந்த பிறகு இரண்டு கண்ணி உண்டு. ஒன்று, கலெக்‌ஷன் பணத்துக்கு ஜாமீனாகக் கையெழுத்துப் போட்ட வெற்று செக் கேட்பார்கள். தரவே கூடாது. கடைக்காரர் பாக்கி வைத்தால் அந்தச் செக்கில் தொகையை நிரப்பி பேங்கில் போடுவார்கள். திரும்பினால் செக் மோசடி வழக்கு உங்கள் மேல். இரண்டாவது கண்ணி, மாதக் கடைசியில் வரும். டார்கெட்டுக்கு இருபதாயிரம் குறைகிறது என்றதும் மேலே இருப்பவர், 'நாலு கடை பேர்ல பில் போட்டுடு, அடுத்த மாசம் சரி பண்ணிக்கலாம்' என்பார். சரக்கு உங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கும், பாக்கி உங்கள் தலையில் விழும். அப்பா பயப்படுகிற டார்கெட் இதுதான். டார்கெட் முடியாவிட்டால் திட்டு விழும், இன்சென்டிவ் போகும். அதைத் தாங்கிக்கொள்ளலாம், பொய்ப் பில்லை முடியாது.

கூச்சத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வாயாடிகளைக் கடைக்காரர்களுக்குப் பிடிக்காது. 'சரக்கு இருக்கு, அடுத்த வாரம் வா' என்பார். நீங்கள் பேசாமல் ரேக்கைப் பாருங்கள். 'அண்ணாச்சி, அஞ்சு ரூபா பாக்கெட் ரெண்டுதான் கிடக்கு, ஒரு பெட்டி போடட்டுமா?' என்றால் அவரே திரும்பிப் பார்ப்பார். பழைய தேதி போட்டதை முன்னால் எடுத்து அடுக்கி வைத்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் உட்காரச் சொல்வார்.

வேலை தேட கன்சல்டன்சி வேண்டியதே இல்லை. உங்கள் தெரு மளிகைக் கடையில் கேளுங்கள்: கடைக்குச் சரக்கு போடுகிற எந்த ஏஜென்சியின் ஆள் வருடக்கணக்காக மாறாமல் வருகிறார்? அந்த ஏஜென்சி சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கிறது என்று அர்த்தம். அங்கே நேரே போய்க் கேளுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிற தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்கும் போங்கள், அங்கே கட்டணம் கிடையாது.

6,500-ஐ ஏற்கெனவே ஜிபேயில் அனுப்பிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். தள்ளிப்போடப் போட, பணம் வேறு கணக்குக்குக் கைமாறிவிடும்.