தோண்டாமலே தெரிந்த பனி

கேள்வி: செவ்வாயின் தரைக்கு அடியில் பனிக்கட்டி இருப்பதை, மேலே சுற்றிக்கொண்டே ஒரு விண்கலம் கண்டுபிடித்தது என்று படித்தேன். மண்ணுக்குள் கேமரா பார்க்க முடியாதே, அப்புறம் எப்படி?

பதில்: கேமராவால் முடியாதுதான். 2001 அக்டோபரில் செவ்வாயை அடைந்த நாசாவின் மார்ஸ் ஒடிசி, பனியைத் தேட, அணுக்கருவில் இருக்கும் மின்னூட்டமில்லாத துகள்களான நியூட்ரான்களை எண்ணியது. விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள், பெரும்பாலும் அதிவேகப் புரோட்டான்கள், எந்நேரமும் எல்லாக் கோள்கள் மீதும் வந்து விழுகின்றன. பூமியில் கனமான காற்று அவற்றைத் தடுத்துவிடுகிறது, செவ்வாயில் காற்று ரொம்ப மெல்லியது என்பதால் அவை மண்ணுக்குள்ளேயே இறங்கி அணுக்கருக்களை உடைக்கின்றன. உடையும்போது தெறிக்கும் நியூட்ரான்கள் பக்கத்து அணுக்களில் மோதி மோதி வேகம் இழந்து, கொஞ்சம் வெளியேயும் வந்து, 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கலம் வரை போய்ச் சேர்கின்றன.

இரும்பு, சிலிக்கான் மாதிரி கனமான அணுவில் மோதினால் நியூட்ரான் பெரிதாக வேகம் இழக்காமல் திரும்பிவிடும். ஹைட்ரஜன் அணுக்கருவோ கிட்டத்தட்ட நியூட்ரானின் எடையே உள்ளது. ஒரு கோலி அதே எடையுள்ள இன்னொரு கோலியை நேராக அடித்தால், அடித்தது நின்றுபோய் அடிபட்டது ஓடுமே, அதேதான் இங்கேயும். ஆக, எந்த இடத்துக்கு மேலே போகும்போது நடுத்தர வேக நியூட்ரான்கள் சட்டென்று குறைகின்றனவோ, அந்த மண்ணில் நீரின் பாகமான ஹைட்ரஜன் நிறைய இருக்கிறது. ஒடிசி இரண்டு துருவப் பக்கங்களிலும் பரந்த நிலப்பகுதிகளில் இப்படிப்பட்ட குறைவைக் கண்டது, 2002-இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. வராத நியூட்ரானை வைத்து மண்ணுக்குள் இருப்பதைச் சொன்ன இந்த வேலை, என்னைக் கேட்டால், கோள் ஆராய்ச்சியிலேயே மிக அழகான ஒன்று.

கேள்வி: ஹைட்ரஜன் என்றாலே தண்ணீர்தானா?

பதில்: இல்லை, செய்திகளில் இதைத்தான் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். நியூட்ரான் கருவிக்குத் தெரிவது ஹைட்ரஜன் மட்டுமே. அது பனியாக இருக்கலாம், களிமண் போன்ற கனிமங்களுக்குள் கட்டுண்ட நீராகவும் இருக்கலாம். அதுவும் மேல் ஒரு மீட்டர் ஆழம் வரைதான், அதற்குக் கீழே இருப்பது தெரியாது. செவ்வாயின் துருவப் பக்கத்தில் அது பனிதான் என்பதை 2008-இல் வடக்கே இறங்கிய ஃபீனிக்ஸ் கலம் நேரிலேயே காட்டியது: சில சென்டிமீட்டர் தோண்டியதுமே வெள்ளைக் கட்டிகள் தெரிந்தன, நாலு நாளில் அவை ஆவியாகிக் காணாமல் போயின. நிலாவில் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. நிலாவைச் சுற்றிய நாசாவின் லூனார் பிராஸ்பெக்டர் கலம் 1998-இல் துருவங்களில் ஹைட்ரஜனைக் கண்டது, 1999 ஜூலை 31 அன்று அந்தக் கலத்தையே தென்துருவப் பள்ளம் ஒன்றில் மோதவிட்டுப் பார்த்தும் நீராவி எதுவும் தென்படவில்லை. 2009-இல் நாசாவின் எல்கிராஸ் திட்டத்தில், நிலாவின் தென்துருவத்துக்கு அருகே உள்ள கேபியஸ் பள்ளத்தில் ராக்கெட் பாகம் ஒன்றை மோதவிட்ட பிறகுதான் நீர் தெரிந்தது.

கேள்வி: அப்படியானால் ஒடிசியில் இருக்கும் காமா கதிர் கருவி எதற்கு?

பதில்: மற்ற தனிமங்களுக்கு. நியூட்ரான் பட்ட அணுக்கரு, மிக அதிக ஆற்றலுள்ள ஒளியான காமா கதிரை விடும், அதன் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறு. உதாரணமாக, ஹைட்ரஜனுக்கு 2.22 மெகா எலெக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு). பொட்டாசியம், தோரியம், யுரேனியம் ஆகியவற்றுக்குக் காஸ்மிக் கதிர்கூடத் தேவையில்லை, அவை தாமாகவே கதிர்வீசும். ஒரே சிக்கல், காஸ்மிக் கதிர் பட்டு விண்கலத்தின் உலோகமும் காமா கதிரை விடுகிறது, அதனால் ஒடிசியில் உணரியை 6 மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியில் வைத்தார்கள். உணரியில் இருக்கும் ஜெர்மானியம் படிகத்தைக் கடுங்குளிரில் வைக்க வேண்டும்.

2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய நாசாவின் மெசஞ்சர் கலம் இப்படித்தான் அங்கே பொட்டாசியம் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று காட்டியது. பொட்டாசியம் சூட்டில் எளிதில் ஆவியாகும், தோரியம் ஆகாது. புதன் ஒரு காலத்தில் கடுமையாகச் சூடேறியிருந்தால் பொட்டாசியம் மட்டும் குறைந்து போயிருக்க வேண்டும், குறையவில்லை. அதனால் கடும் வெப்பத்தில் மேலடுக்கு ஆவியாகிப் போய்த்தான் புதன் இரும்பு மிகுந்த கோளாக ஆனது என்ற கருத்து அடிபட்டுப் போனது. அடுத்து, 2023 அக்டோபரில் கிளம்பிய சைக்கி கலம் 2029-இல் அதே பெயருள்ள சிறுகோளை அடைந்து, அங்கே இரும்பும் நிக்கலும் எவ்வளவு என்று இதே முறையில் அளக்கப் போகிறது.