கீபோர்டு உள்ள பழைய கையடக்கக் கணினி: கேட்டவர்களுக்குப் பதில்

கிருஷ்ணகிரியில் வீட்டிலேயே இந்தச் சின்ன இயந்திரங்களைத் திறந்து பழுது பார்த்து வருகிறேன். இந்த முறை வந்த கேள்விகளும் என் பதில்களும்.

காவேரிப்பட்டணம், மாங்காய் மண்டிக் கணக்கர்: அண்ணா, சீசனில் நின்றபடியே கணக்கு எழுத வேண்டியிருக்கிறது. சையான் நிறுவனத்தின் 5எம்எக்ஸ் கையடக்கக் கணினி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கையில் எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

5எம்எக்ஸ் 1999-இல் வந்தது. மூடியைத் திறந்தால் கீபோர்டு முன்னால் நகர்ந்து வரும், திரை பின்னால் சாய்ந்து அதன்மேல் நிற்கும். இந்த அளவில் இதைவிட நல்ல கீபோர்டில் நான் தட்டியதில்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே ஒரு மெல்லிய ரிப்பன் கேபிள் மடங்கி விரிகிறது. வருஷக்கணக்கில் மடங்கியது ஒரு நாள் விரிசல் விடும். அப்போது திரையில் கோடுகள் விழும், அல்லது ஒரு குறிப்பிட்ட சாய்வில் படமே மறைந்துவிடும். அதனால் மூடியை இருபது முப்பது தடவை மெதுவாகத் திறந்து மூடுங்கள், கண் திரையிலேயே இருக்கட்டும். நான் முதலில் வாங்கியது கூரியரில் வந்தது. போட்டோவில் திரை பளிச்சென்று இருந்தது. வீட்டில் நாலாவது தடவை திறந்தபோது பாதித் திரை போய்விட்டது. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து பேட்டரி அறை. இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும். கம்பிச்சுருளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் சிஆர்2032 என்ற பட்டன் செல். பென்சில் பேட்டரி மாற்றும் நேரத்தில் நினைவகத்தைக் காப்பது அதுதான். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் எழுதிய கணக்கு அத்தனையும் போகும். தினமும் சாயங்காலம் காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற மெமரி கார்டில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

தர்மபுரி, கல்லூரி மாணவர்: இதில் வாட்ஸ்அப் வருமா அண்ணா?

வராது தம்பி.

பாலக்கோடு: சையான் ரெவோ மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா சார்?

சால்டரிங் தெரிந்தால் எடுங்கள். ரெவோவில் ரீசார்ஜ் பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். வருஷக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்திருந்தால் அது செத்திருக்கும். கார்டு போடும் இடமும் கிடையாது.

அரூர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்: தமிழில் கட்டுரை எழுத எது சரியாக இருக்கும்?

ஐயா, இதுவரை நான் பேசிய பழைய இயந்திரங்கள் எதுவும் உங்களுக்கு ஆகாது. இன்று கணினிகளில் தமிழ் எழுதப் பயன்படும் யூனிகோடு முறை அவற்றில் வராது. பிளானட் நிறுவனத்தின் ஜெமினி என்று ஒன்று 2018-இல் வந்தது. அதன் கீபோர்டை வடிவமைத்த மார்ட்டின் ரிடிஃபோர்டுதான் 5எம்எக்ஸுக்கு முந்திய சையான் 5-ஐயும் வடிவமைத்தவர். ஜெமினியில் ஓடுவது ஆண்ட்ராய்டு என்பதால் கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டித்தான் நிற்கும். நீங்கள் பழகியது தமிழ்99 விசைப்பலகை முறையா, ஆங்கில எழுத்தில் அடிப்பதா என்பதைப் பொறுத்து, வாங்கும் முன் ஒரு பத்தி அடித்துப் பாருங்கள். மூடியையும் திறந்து மூடிப் பாருங்கள், ஐயா.

ஓசூர்: மண்டிக்காரருக்குப் போய் சையானைச் சொல்கிறீர்களே! ஹெச்பியின் 200எல்எக்ஸ் கையடக்கக் கணினி அல்லவா அவருக்குப் பொருந்தும்?

200எல்எக்ஸ் எனக்கும் பிடித்த இயந்திரம்தான். 1994-இல் வந்தது, டாஸ் 5.0 என்ற பழைய இயங்குதளம், அதே இரண்டு பென்சில் பேட்டரி. ஆனால் திரைக்கு விளக்கு கிடையாது. விடியற்காலையில் லோடு இறங்கும்போது அவர் எதைப் பார்ப்பார்? சையானில் கீபோர்டிலிருந்தே திரை விளக்கைப் போடலாம்.

ஓசூர் (மறுபடி): மண்டியில் டியூப்லைட் இருக்குமே. வலப்பக்கம் எண்களுக்குத் தனிச் சாவிகள் இருப்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு அட்டவணை மென்பொருள் உள்ளேயே இருப்பதை ஏன் சொல்லவில்லை?

எண் சாவிகள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நாள் முழுக்க எடையும் விலையும் அடிப்பவருக்கு அது பெரிய வசதி. எழுதுகிறவருக்கு சையான், எண் அடிப்பவருக்கு ஹெச்பி என்று பிரித்தே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் 200எல்எக்ஸிலும் கீல் பக்கத்து பிளாஸ்டிக் வெடிக்கும், குறிப்பாக வலது பக்கம். அதைச் சொல்லாமல் வாங்கச் சொல்லக் கூடாது.

ஓசூர் (மறுபடி): கீல் வெடித்தாலும் திரை தெரியும். உங்கள் கேபிள் போனால் எல்லாமே போச்சு. லோட்டஸில் சேமித்த கணக்கை இன்றைய கம்ப்யூட்டரில் லிப்ரேஆபீஸ் என்ற மென்பொருள் அப்படியே திறக்கும். சையான் கோப்பை முதலில் வேறு வடிவத்துக்கு மாற்றியாக வேண்டுமே?

கோப்பு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. எனக்கு எழுத்து வேலைதான் அதிகம், அந்தக் கண்ணிலேயே பார்த்துவிட்டேன். சீசன் முடிந்து ஆடிட்டரிடம் கணக்கு கொடுக்க வேண்டியவருக்கு இது முக்கியம்.

பர்கூர்: ஹெச்பியின் ஜோர்னடா 720 கையடக்கக் கணினியில் வைஃபை கார்டு போட்டால் வாட்ஸ்அப்...

வராது. அது 2000-இல் வந்த இயந்திரம். பழைய வைஃபை கார்டுகள் இன்றைய ரவுட்டரின் பாதுகாப்பு முறையோடு பெரும்பாலும் சேராது. தயவுசெய்து மேலே உள்ள பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

பென்னாகரம்: பிளாக்பெர்ரி பாஸ்போர்ட் போன் எடுக்கலாமா?

வேண்டாம். அதன் சொந்த இயங்குதளத்துக்கான சேவையை நிறுவனம் 2022 ஜனவரி 4-ஆம் தேதி நிறுத்திவிட்டது. பிளாக்பெர்ரி கீபோர்டுதான் வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டில் ஓடும் கீஒன் போனைத் தேடுங்கள்.

ஊத்தங்கரை: 5எம்எக்ஸ், மூடி கொஞ்சம் லூஸ், சில நேரம் கோடு விழுகிறது, மற்றபடி புதுசு மாதிரி என்கிறார்.

கோடு விழுகிறது என்றால் கேபிள் போகத் தொடங்கிவிட்டது. விட்டுவிடுங்கள்.

காவேரிப்பட்டணம்: அண்ணா, அப்போ எனக்கு ரெண்டில் எது?

ஓசூர்க்காரர் சொன்னதுதான், 200எல்எக்ஸ். வலது கீலை மட்டும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி வந்தால் என்னிடம் இரண்டும் இருக்கின்றன. ஒரு நாள் மண்டிக் கணக்கை இரண்டிலும் அடித்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.